அரை அங்குலம்

இயந்திரத் தொழிலுக்கும் நமக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஏழாண்டுகள் மத்ரஸாப் பாயில் அமர்ந்து ஸர்ஃபும் நஹ்வும் ஓதினோம். அதன் பின்னர் முப்பதாண்டுகளாக அவற்றையே பிறருக்கு ஓதிக் கொடுத்து வருகிறோம். ஓர் அரபு வினைச்சொல்லிலிருந்து அதன் வேரெழுத்துக்கள் மூன்றையும் பிரித்தெடுக்கச் சொன்னால் தயங்காமல் செய்வோம். ஒரு மோட்டார் வண்டியிலிருந்து ஓர் ஆணியைப் பிரித்தெடுக்கச் சொன்னால் என்ன செய்வோம் என்பதற்கு இக்கட்டுரையே சான்று. படிக்கும் நேயர்கள் சிரிக்கலாம். சிரிப்பதற்குரிய இடங்கள் இதில் உண்டு. சிரித்து முடித்தபின் ஒரு கணம் தத்தம் வீட்டுக் காரியங்களையும் நினைத்துப் பார்த்தால் இதை எழுதிய நோக்கம் நிறைவேறும்.

நம்மிடம் ஓர் அம்பாஸடர் வண்டி உண்டு. 1982ஆம் ஆண்டின் மார்க் 4. மர்ஹூம் வாப்பா அவர்கள் வாங்கியது. ஆங்கில நாட்டின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை வண்டிதான், மேற்கு வங்கத்து உத்தரபாராவில் அம்பாஸடர் எனும் பெயர் தாங்கி, 1950களின் பிற்பகுதியிலிருந்து உருவாகி வந்தது. 2014ஆம் ஆண்டில் அதன் உற்பத்தி நின்று போயிற்று. ஆயினும் வண்டிகள் நின்றுவிடவில்லை. தேடுவோருக்கு உதிரிப் பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. புதுக் கார்களின் தாழ்ந்த இருக்கைகளில் அமர்ந்து எழ இயலாத முழங்கால்களுக்கு அதன் உயர்ந்த இருக்கையைப் போன்ற உபகாரம் வேறில்லை. எண்பதைக் கடந்த நம் உம்மா அவர்கள் அவ்வண்டியைத் தவிர வேறெதிலும் ஏற மறுப்பதற்கு அதுவே காரணம். வாப்பா அமர்ந்து ஓட்டிய வண்டி என்பது அவர்கள் வாய்விட்டுச் சொல்லாத காரணம்.

வாப்பா மறைந்தபின் சாமான்கள் பங்கு பிரிந்தபோது வண்டி நமக்கு வந்தது. வெளியூர் மத்ரஸாவுக்கு நாள்தோறும் சென்று வர வேண்டியவர் நாம் என்பதால் காக்காவே அதை நமக்கு விட்டுக் கொடுத்தார். வாப்பாவுடன் சேர்ந்து அவ்வண்டியைப் பல்லாண்டு பேணிய கை காக்காவின் கை; ஆதலால் கருவிப் பெட்டி அவரிடம் தங்கியது. வண்டி ஒரு வீட்டிலும் அதற்குரிய கருவிகள் மற்றொரு வீட்டிலுமாக இருப்பதில் அப்போது நாம் ஒரு குறையும் காணவில்லை. இரண்டு வீடுகளுக்கும் இடையே இரண்டே தெருக்கள்.

அந்த இரண்டு தெருக்கள் பின்னர் நீண்டு போயின. தென்னந்தோப்பைப் பங்கு வைக்கும் நாள் வந்தது. பராயிள் கணக்கு ஓதியவர் குடும்பத்தில் நாம் ஒருவர்தாம். ஆதலின் தாளும் எழுதுகோலும் நம் கையில் இருந்தன. தோப்பில் கிணறு வெட்டியதும் மோட்டார் வைத்ததும் தம் சொந்தப் பணம் என்றும், அதை முதலில் கழித்துவிட்டு மிச்சத்தைப் பங்கிடலாம் என்றும் காக்கா கூறினார். நாம் தலை நிமிராமலே, “அதற்கு எழுத்தில் கணக்கு உண்டா?” என்று கேட்டோம். மைத்துனர்களும் சம்பந்திகளும் கூடியிருந்த சபை அது. காக்கா சற்று நேரம் பேசாமல் இருந்தார். “வாப்பாவோட தோப்புக்குச் செலவழிச்சதுக்கு ரசீது வைக்கணும்னு எனக்குத் தெரியாமப் போச்சு தம்பி” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து சென்றார்.

நாம் கேட்டது சட்டப்படி தவறன்று. மய்யித்தின் சொத்தில் கடன் உண்டென்பவர் அதற்குச் சான்று தர வேண்டும். கடன் தீர்ந்த பின்பே பங்கு. இதைப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் நாம் ஓதிக் கொடுக்கிறோம். ஆயினும் பதினாறாம் வயதில் கொழும்புக் கடையில் கணக்கெழுதச் சென்று, அங்கிருந்து அனுப்பிய பணத்தில் நம்மை மத்ரஸாவில் ஓத வைத்தவர் அவர். அந்தப் பணத்திற்கு அவர் நம்மிடம் எழுத்தில் கணக்குக் கேட்டதில்லை. அன்று தொடங்கி மூன்றாண்டுகள் பெருநாள் ஸலாத்தைத் தவிர நம்மிருவருக்கும் பேச்சில்லை.

இது நிற்க. சென்ற ஆண்டு மழைக்காலத்திற்குச் சற்று முன்னர் வண்டியின் நீர்ப் பம்பு ஒழுகத் தொடங்கியது. இன்ஜினைக் குளிரச் செய்யும் நீரைச் சுழற்றுவது அப்பம்பு. அதன் அச்சு தேய்ந்துவிட்டால் அடியில் உள்ள சிறு துளை வழியே நீர் சொட்டும். தேய்ந்த அச்சு கரகரக்கும். இரண்டும் நிகழ்ந்தன. சனிக்கிழமையன்று உம்மாவைக் கண் மருத்துவத்திற்காகத் திருநெல்வேலிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். வண்டி பார்ப்பவரோ வெளியூர்க் கல்யாணத்திற்குப் போயிருந்தார். புதுப் பம்பு கையில் இருந்தது. பாலிடெக்னிக்கில் படிக்கும் நம் மகன் உடனிருந்தான். வியாழன் நண்பகலோடு மத்ரஸாவுக்கு விடுமுறை. நாமே மாற்றிவிடலாமே என்று துணிந்தோம்.

ரேடியேட்டரைக் கழற்றினால் கை நுழைய இடம் கிடைக்கும் என்றான் மகன். அது வீண் வேலை என்றோம். நீரை மட்டும் இறக்கிவிட்டு, விசிறியையும் பெல்ட்டையும் எடுத்துவிட்டுப் பம்பின் போல்ட்டுகளில் கை வைத்தோம். மகன் தன்னிடமிருந்த ஸ்பேனர்களை அளந்து பார்த்து, “வாப்பா, இது இஞ்ச் போல்ட்டு. நம்மகிட்ட இருக்கிறதெல்லாம் மில்லிமீட்டர். பதிமூணு கொஞ்சம் லூசா நிக்குது” என்றான். பொருந்துகிறதல்லவா, அது போதும் என்றோம். மேலிருந்த மூன்று போல்ட்டுகளும் பதிமூன்றாம் எண் ஸ்பேனருக்கு இணங்கிச் சுழன்று வந்தன. பார்த்தாயா என்பதுபோல் மகனை நோக்கினோம்.

நான்காவது அடியில் இருந்தது. பம்பிலிருந்து சொட்டிய நீர் தங்கித் தங்கி அதன் கழுத்துத் துருவேறியிருந்தது. நம் ஊர் கடற்கரை ஊர். காயலின் உப்புக் காற்றுக்குத் தப்பிய இரும்பு இல்லை. ஸ்பேனரை மாட்டி அழுத்தினோம். அசையவில்லை. காலை ஊன்றி முழுப் பலத்தையும் கொடுத்தோம். ‘சர்’ என்று வழுக்கியது. கை ரேடியேட்டரில் மோதித் தோல் உரிந்தது. போல்ட் தலையைத் தடவிப் பார்த்தோம். ஆறு மூலைகளில் நான்கு மழுங்கியிருந்தன. மீண்டும் ஒருமுறை வழுக்கியபோது ஆறுமே மழுங்கி, தலை உருண்டையாகிவிட்டது. மகன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

இங்கே அளவைப் பற்றி ஒரு சொல். அங்குலம் ஒன்றுக்கு மிகச் சரியாக 25.4 மில்லிமீட்டர். அந்த போல்ட்டின் தலை அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். நாம் மாட்டியது 13. வேற்றுமை 0.3 மில்லிமீட்டர், எழுதும் தாள்கள் மூன்றை அடுக்கினால் வரும் கனம். சரியான ஸ்பேனர் தலையின் பக்கங்களைப் பற்றும். சற்றே பெரிய ஸ்பேனரோ சாய்ந்து நின்று மூலைகளை மட்டும் பற்றும். ஆணி இளகி வருவதாயின் மூலைகள் அச்சுமையைத் தாங்கிக்கொள்ளும். துருவேறி இறுகியதாயின் மூலைகள்தாம் சிதையும். முற்றிலும் பொருந்தாத ஸ்பேனரால் எந்த ஆணிக்கும் தீங்கில்லை. அது ஆணியில் ஏறவே ஏறாது. தீங்கு செய்வது ஏறத்தாழப் பொருந்துவதே. முதல் மூன்று போல்ட்டுகள் நம் தவற்றுக்கு இணங்கி வந்ததுதான் நம்மை ஏமாற்றியது.

ஓர் ஆணிக்கு இத்தனை அளவுகள் ஏன் என்று தோன்றலாம். ஒரு காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தனக்கென ஒரு மரை வைத்திருந்தது. ஜோசப் விட்வொர்த் என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1841ஆம் ஆண்டில் எல்லோருக்கும் பொதுவானதொரு மரை அளவை முன்வைத்தார். அமெரிக்கர் வேறொன்றைக் கைக்கொண்டனர். இரண்டாம் உலகப் போரில் ஒரே அணியில் நின்ற நாடுகளின் ஆணி ஒன்று மற்றொன்றின் துளையில் ஏறவில்லை. அதனால் விளைந்த இடர்ப்பாடுகளுக்குப் பின்னரே, 1948ஆம் ஆண்டில், அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் அமர்ந்து பேசி ஒரே மரைக்கு உடன்பட்டன. நம் வண்டியின் இன்ஜின் அந்த அங்குல வழியில் வந்தது. பாரதமோ 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் அளவுக்கு மாறியது. எனவே வண்டி அங்குலத்திலும் கடைத்தெருவின் ஸ்பேனர் மில்லிமீட்டரிலுமாக நின்றன. நேச நாடுகளே ஓர் ஆணிக்காக அமர்ந்து பேச வேண்டியிருந்தது என்ற செய்தியை மகன் அன்றிரவு சொன்னான். கேட்டுக்கொண்டோம், அதிலிருந்து பாடம் ஏதும் எடுத்துக்கொள்ளவில்லை.

மண்ணெண்ணெயும் இன்ஜின் ஆயிலும் கலந்து ஆணியின் கழுத்தில் விட்டு இரவு முழுதும் ஊற வைத்தோம். உறக்கம் வரவில்லை. மத்ரஸாவில் ‘ஹீலா’ என்னும் சொல்லை நாம் ஃபிக்ஹுப் பாடத்தில்தான் அறிந்தோம்: சட்டத்தின் சொல்லைக் காத்து அதன் பொருளைக் கடந்து போகும் தந்திரம். அச்சொல்லின் பன்மையான ‘ஹியல்’ என்பதற்கு நுண்பொறிகள் என்றும் பொருளுண்டு. ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதில் மூஸா பின் ஷாகிரின் மக்கள் முஹம்மது, அஹ்மது, ஹஸன் ஆகிய மூவர் பெயரால் வழங்கும் ‘கிதாபுல் ஹியல்’ ஏறத்தாழ நூறு பொறிகளை விளக்குகிறது. பிற்காலத்தில் ஜஸரீ அவர்கள் 1206ஆம் ஆண்டில் நிறைவு செய்த நூலுக்கும் அது முன்னோடி. பனூ மூஸா என்று வரலாறு அம்மூவரையும் ஒரே பெயரால் அழைக்கிறது. மூன்று சகோதரர்கள் ஒரு நூலுக்குள் அடங்கியிருந்தனர். இரண்டு சகோதரர்களால் ஒரு தோப்புக்குள் அடங்கியிருக்க முடியவில்லை.

வெள்ளி காலையில் பக்கத்து வீட்டில் ஒரு பைப் ரிஞ்ச் இரவல் வாங்கினோம். அதன் பற்கள் தலையைக் கடித்துத் துருவினவே தவிரத் திருகவில்லை. உளி வைத்துத் தட்டலாமா என்று சுத்தியலைக் கையில் எடுத்தோம். அப்போதுதான் மகன் மெல்லச் சொன்னான்: “வாப்பா, தலை முறிஞ்சா அப்புறம் துளைச்சுத்தான் எடுக்கணும். பெரிய வாப்பா வீட்ல இஞ்ச் ஸ்பேனர் இருக்கு.”

அவன் அதை முதல்நாளே அறிவான். நாமும் அறிவோம். பதிமூன்று போதும் என்று நாம் சொன்னதன் பொருள் வேறு. அரை அங்குல ஸ்பேனர் எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டோம் என்பதே அதன் பொருள். சுத்தியலைக் கீழே வைத்தோம். அவன் சொன்னது சரியென்றும், கேளாதது நம் தவறென்றும் மகனிடம் கூறினோம். மாணவரிடம் இவ்வாறு சொல்லும் வழக்கம் நமக்கு உண்டு; மகனிடம் சொன்னது அதுவே முதல்முறை.

ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு காக்காவின் வீட்டுக்குச் சென்றோம். கதவைத் திறந்த மச்சி ஒரு கணம் திகைத்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு உள்ளே குரல் கொடுத்தார்கள். காக்கா வந்தார். மூன்றாண்டில் தாடி முழுதும் வெளுத்திருந்தது. வண்டியின் நீர்ப் பம்பு, அடிப்பக்கத்து போல்ட் என்று தொடங்கினோம். மேலே சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“எத்தனை போட்டே?” என்று கேட்டார்.

“பதிமூணு, காக்கா.”

அவர் கண்களை மூடித் திறந்தார். பிறகு உள்ளே சென்று பெட்டியைத் தூக்கி வந்தார். நாம் கை நீட்டினோம், கொடுக்கவில்லை. தாமே வருவதாகக் கூறி, சட்டையை மாட்டிக்கொண்டு நடந்தார். பெட்டியை மகனிடம் மட்டும் தந்தார்.

வண்டியைப் பார்த்ததும் முதலில் ரேடியேட்டரைக் கழற்றச் சொன்னார். அரை மணி நேரத்தில் அது வெளியே வந்தது. முதல்நாள் மகன் சொன்ன இடம் தாராளமாகக் கிடைத்தது. தீயால் சூடாக்கினால் இளகுமே என்றோம். பெட்ரோல் ஓடும் இடத்தருகே தீயைக் கொண்டு வராதே என்றார். ஆணியின் தலையைச் சிறு சுத்தியலால் நேராகப் பலமுறை தட்டினார்; இறுகிய துரு விரிசல் விட்டால்தான் எண்ணெய் உள்ளே இறங்கும் என்பது விளக்கம். பிறகு ஓர் அரத்தை எடுத்துத் தலையின் இரு பக்கங்களையும் எதிரெதிராகத் தட்டையாக அராவத் தொடங்கினார். அரை அங்குலம் போய்விட்டது. அதற்கு அடுத்த சிறிய அளவு 7/16 அங்குலம், ஏறத்தாழ 11.1 மில்லிமீட்டர். அழிந்த அளவை மீட்க முடியாது. ஆனால் எஞ்சிய இரும்பில் அதைவிடச் சிறியதொரு அளவை உண்டாக்கலாம் என்றார்.

சற்று நேரத்தில் அவர் கை நடுங்கியது. அரத்தை நாம் வாங்கிக்கொண்டோம். அவர் விளக்கைப் பிடித்தார். அராவிக்கொண்டே, அன்றைக்குச் சபையில் நாம் கேட்ட கேள்வியைப் பற்றி வாயெடுத்தோம்.

“இப்ப வேலையைப் பாரு தம்பி. பேசினா அரம் சாயும்” என்றார்.

பேசாமல் அராவினோம். இரண்டு பக்கங்களும் தட்டையானதும் 7/16 ஸ்பேனரை வைத்தார். ஏறவில்லை. நம் அவசரம் அவருக்குத் தெரியும். இன்னும் நாலு இழுப்பு, அதற்கு மேல் வேண்டாம் என்றார். நாலு இழுப்புக்குப் பிறகு, சுத்தியலால் தட்டித்தான் ஸ்பேனர் உட்காரும் அளவுக்கு இறுக்கமாகப் பொருந்தியது. கழற்றும் பக்கமாக நாம் அழுத்தப் போனபோது தடுத்தார். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல் அசை. பிறகு கழற்றும் பக்கம். மீண்டும் இறுக்கு, மீண்டும் கழற்று, இடையிடையே எண்ணெய். ஒரே பக்கமாக வலிந்தால் ஆணி முறியும். அவ்வாறே செய்தோம். ‘டிக்’ என்று ஓர் ஒலி கேட்டது. முறிந்துவிட்டதென்றே அஞ்சினோம். அது துரு விட்ட ஒலி என்றார் காக்கா. கால் சுற்று, அரைச் சுற்று, பிறகு விரலாலேயே திருகி எடுத்தோம். மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள்.

தொழுதுவிட்டு வந்து துளையைத் துடைத்தோம். மகன் கடையிலிருந்து 8 மில்லிமீட்டர் போல்ட் ஒன்று வாங்கி வந்திருந்தான். பழையது 5/16 அங்குலம், அதாவது 7.94 மில்லிமீட்டர். இதைவிட நெருக்கமான பொருத்தம் உண்டா? காக்கா அதை வாங்கி மகனிடமே காட்டினார். இரண்டு சுற்று ஏறும்; அதன் பிறகு மரைக்கு மரை இடைவெளி வேறாதலால் சிக்கும்; வலிந்து முறுக்கினால் இன்ஜினின் மரையே அழிந்துவிடும். ஆணி கெட்டால் மாற்றலாம். துளையின் மரை கெட்டால் யார் மாற்றுவது? சொல்லிவிட்டுத் தம் பெட்டியிலிருந்த பழைய பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தார். வாப்பா காலத்திலிருந்து சேர்த்த ஆணிகள். அவற்றில் ஒன்று விரலாலேயே கடைசி மரைவரை ஏறியது. கிரீஸ் தடவி அளவோடு இறுக்கினார்.

தேநீர் குடிக்கும்போது, கிணற்றுக்கும் மோட்டாருக்கும் ஆன செலவை முதலில் எடுத்துக்கொள்ளும்படி நாம் கூறினோம். தம்மிடம் கணக்கு இல்லையே என்றார். அவர் சொல்லே போதும் என்றோம். நம் சகோதரிக்கும் அதில் பங்குண்டு; அவருடைய சம்மதத்தையும் நாமே கேட்டுப் பெறுவதாகச் சொன்னோம். நெடுநேரம் யோசித்து ஒரு தொகையைச் சொன்னார். நாம் மனத்தில் மதிப்பிட்டிருந்ததில் அது பாதிகூட இல்லை. மேலும் வற்புறுத்த நா எழவில்லை. மறுவாரம் சகோதரியும் மனமொப்பினார். தோப்பின் வேலித் தகராறு ஒன்று இன்னும் தீராமல் இருக்கிறது; ஆனால் அதைப் பற்றி இப்போது பேசிக்கொள்கிறோம்.

சனிக்கிழமை உம்மாவைத் திருநெல்வேலிக்கு அழைத்துச் சென்றோம். காக்கா முன்னிருக்கையில் அமர்ந்து வழி நெடுகிலும் சூட்டைக் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். பின்னிருக்கையில் உம்மா அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பிள்ளைகளின் குரலும் ஒரே வண்டிக்குள் கேட்டதே அவர்களுக்குப் போதுமாயிருந்தது போலும்.

காக்கா விட்டுச் சென்ற அரை அங்குல ஸ்பேனரை மறுநாளே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தோம். இரவல் பொருள் அமானிதம். சென்ற வாரம் அதை மீண்டும் இரவல் வாங்கி வந்தோம். வண்டியில் ஒரு குறையும் இல்லை.